கொப்பையனுக்குச் சான்று தேவை

மேலே வைக்க வேண்டாம் தம்பி, மடியிலேயே இருக்கட்டும். டிரைவர் பிரேக் போட்டால் விழுந்துவிடும். உள்ளே கண்ணாடி. வெறும் கண்ணாடி என்றால் பரவாயில்லை, அதன் மேல் ஒருத்தன் பேர் எழுதியிருக்கிறது. உடைந்தால் நான் வேண்டுமென்றே உடைத்தேன் என்பார்கள். உடைக்கக்கூடிய ஆள்தான் நான். ஆனால் உடைக்க மாட்டேன்.

என்ன, எட்டிப் பார்க்கிறீர்கள்? பாருங்கள், பாருங்கள். நாலு கை. அவனேதான். அட, கொப்பையன் என்று சொல்லிவிட்டீர்களே! பார்த்தவுடனே சொல்லிவிட்டீர்கள். உங்கள் வயசுக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான். ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். அந்த டிவி நாடகத்தில் யாராவது ஒரு தடவையாவது அவனைக் கொப்பையன் என்று கூப்பிட்டார்களா? இல்லை அல்லவா? பின்னே அந்தப் பேர் எங்கிருந்து வந்தது? அட்டையிலிருந்து. பொம்மை வைத்து விற்ற அட்டையிலிருந்து. அட்டைக்கு எங்கிருந்து வந்தது? அதற்குத்தான் ஊரெல்லாம் கூடிச் சண்டை போட்டார்கள். எனக்குத் தெரியும் தம்பி. எனக்கும் இன்னொருத்தனுக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. அந்த இன்னொருத்தனைப் பார்க்கத்தான் உசிலம்பட்டிக்குப் போகிறேன்.

அந்த நாடகம், வான்வாசல், ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். தெருவே காலியாகிவிடும். நான் பார்த்ததில்லை. அப்போது எங்கள் வீட்டில் டிவி கிடையாது. கேள்விப்பட்ட வரைக்கும், ஆகாயத்தில் ஒரு கோட்டை, அதில் ஒரு கெட்ட ராஜா, ராஜாவுக்குப் பின்னால் நாலு கையோடு ஒரு காவல்காரன். அவன் வாயே திறக்க மாட்டான். கதவைத் திறப்பான், மூடுவான். ஒரு வாரம் அதே கதவில் நசுங்கிச் செத்தும் போனான். அவ்வளவுதான் அவன் வேலை. கதாநாயகனை மறந்துவிட்டீர்கள், ராஜாவை மறந்துவிட்டீர்கள், இவனை மட்டும் மறக்கவில்லை. ஏன்? பொம்மை நன்றாக இருந்தது. நாலு கையும் தனித்தனியாகத் திரும்பும். அந்தப் பொம்மையை வார்த்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

நான்தான். சரி, நானும் இன்னும் சில பேரும்.

மதுரையில் பழங்காநத்தம் தாண்டி ஒரு பொம்மைக் கம்பெனி. கம்பெனி என்றால் தகரக் கொட்டகை. கையால் இழுக்கிற மெஷின்கள். மேலே பிளாஸ்டிக் குருணையைக் கொட்ட வேண்டும். சூடு ஏறினதும் பிடியை இழுத்தால், உருகினது அச்சுக்குள் இறங்கும். ஆறவிட்டு அச்சைத் திறந்தால் பொம்மை. நேரம் பார்த்து இழுக்கணும். முந்திக்கொண்டால் மூலை முடுக்கெல்லாம் நிறையாது. மூக்கில்லாமல் வரும், காலில்லாமல் வரும்.

புது அச்சு வரும்போது அதில் ஒரு நம்பர்தான் இருக்கும். நம்பரை யார் ஞாபகம் வைப்பது? அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். புது அச்சில் முதல் பொம்மையை எவன் கெடுக்கிறானோ, அவன் பேர் அந்த அச்சுக்கு. கெட்ட பொம்மையை மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டுவிடுவோம். 'இன்னைக்கு என்னடா ஓட்டுற?' என்று கேட்டால் 'தவசி ஓட்டுறேன்' என்பான். தவசி என்பது ஒரு ரயில் வண்டி. தவசி என்கிற ஆள் அதற்குச் சக்கரம் இல்லாமல் வார்த்தவன். கேலிதான். ஆனால் அந்த அச்சு இருக்கிற வரைக்கும் கேலி ஓயாது.

என் பேர் சங்கிலி. அப்போதே இரண்டு அச்சுக்கு என் பேர் இருந்தது. ஒன்று விசில் வாத்து, இன்னொன்று தண்ணித் துப்பாக்கி. 'சங்கிலிக்கு மூக்கு வரலடா', 'சங்கிலி இன்னைக்கு ஒழுகுதுடா' என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கொட்டகை முழுக்கச் சிரிப்பு. முதலாளிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "இதப் பாரு, மூணாவதா ஒரு சங்கிலி இந்தக் கொட்டகைக்குள்ள வந்துச்சுன்னா அன்னைக்கே நீ வீட்டுக்குப் போயிரு. எனக்குப் பொம்மை செய்ற ஆளுதான் வேணும், பேரு வைக்கிற ஆளு வேணாம்" என்றார். என்ன பேச்சு அது? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அவர் செத்துப் பல வருஷம் ஆச்சு. எரிச்சல் போகவில்லை.

பக்கத்து மெஷின் கொப்பையனுடையது. ஆமாம், ஆள் பேர்தான் அது. உசிலம்பட்டிப் பக்கம் தாத்தா பேரைப் பேரனுக்கு வைத்து வைத்து வருகிற பேர். அவனை எனக்கு முதல் நாளிலிருந்தே ஆகாது. வலிய வந்து எதையாவது செய்கிற ஆள். ஒரு தடவை எனக்குக் காமாலை. படுத்துக் கிடக்கிறேன். நான் வருகிற வரைக்கும் என் மெஷினையும் சேர்த்து அவனே ஓட்டியிருக்கிறான். யார் கேட்டது? திரும்பிப் போய்ப் பிடியைத் தொட்டால் பிடியே வேறு மாதிரி இருக்கிறது, அவன் கைக்குப் பழகிவிட்டது. இன்னொரு தடவை நான் தினம் நடந்து வருகிறேன் என்று தன் சைக்கிளைக் கொடுத்தான். அதில் பெல் கிடையாது. பெல் இல்லாத சைக்கிளை ஒருத்தனுக்குக் கொடுத்தால் என்ன அர்த்தம்? எங்கேயாவது போய் முட்டட்டும் என்றுதானே? அதை நான் மூணு வருஷம் ஓட்டினேன், ஒரு இடத்திலும் முட்டவில்லை. அது என் திறமை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாலு கை அச்சு வந்த அன்றைக்கு என் மெஷினில்தான் ஏற்றினார்கள். முதலாளி ஆபீஸ் அறையில் இருந்தார். நான் பிடியை இழுத்தேன். கொஞ்சம் முந்திவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சைத் திறந்தால் மூணு கை முழுசாக வந்திருக்கிறது. நாலாவது கை முழங்கையோடு நின்றுவிட்டது, மொண்டியாக. நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். முதலாளி வருகிற சத்தம் கேட்கிறது. அதற்குள் இந்தக் கொப்பையன் ஒரே எட்டில் வந்து என் கையிலிருந்து அந்தப் பொம்மையைப் பிடுங்கிக்கொண்டான்.

"யாருடா இது?" என்கிறார் முதலாளி.

"நான்தான் முதலாளி. இவன் தண்ணி குடிக்கப் போயிருந்தான். புது அச்சாச்சே, எப்படி வருதுன்னு பாக்குற ஆசையில இழுத்துட்டேன்."

பச்சைப் பொய்! நான் எங்கே தண்ணி குடிக்கப் போனேன்? பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நிற்கிறேன். முதலாளி அவனைத் திட்டினார், கொட்டகையே சிரித்தது. தவசி கம்பியை எடுத்துவந்து பொம்மையைக் கட்டி ஆணியில் மாட்டினான். "கொப்பையன் வந்துட்டான்டா" என்று கத்தினான். முடிந்தது. என் கெட்ட பொம்மை, என் மெஷின், என் இழுப்பு. பேர் அவனுக்கு.

நீங்கள் கேட்கலாம், அப்போதே நீ சொல்லியிருக்கக் கூடாதா என்று. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெருந்தன்மையாக விட்டேன். அவ்வளவு ஆசைப்படுகிறான், வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். நான் அப்படி விட்டதை இன்று வரைக்கும் ஒருத்தர்கூடப் பேசவில்லை பாருங்கள்.

அப்போது என் வீட்டுக்காரி மாசமாக இருந்தாள். சாயங்காலம் போய் அவளிடம் சொன்னேன், கொப்பையன் எப்படிக் கூசாமல் பொய் சொல்கிறான் என்று. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மறுநாள் அவனுக்கென்று தனியாக ஒரு தூக்கில் குழம்பு கொடுத்துவிட்டாள். பொய் சொன்னவனுக்குக் குழம்பு! மாசமாக இருக்கிறவர்களிடம் நியாயம் பேச முடியாது.

அதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். பிறகுதான் அட்டை வந்தது. டிவிக்காரர்கள் மற்ற பொம்மைகளுக்கெல்லாம் பேர் கொடுத்திருந்தார்கள். இந்த நாலு கைக்கு மட்டும் கொடுக்கவில்லை. அட்டை அடிக்கிற பிரஸ்ஸிலிருந்து போன் வந்திருக்கிறது. எங்கள் கணக்குப்பிள்ளை போனைக் கையால் பொத்திக்கொண்டு கொட்டகைக்குள் தலையை நீட்டினார்.

"ஏப்பா, அந்த நாலு கைக்காரன் பேரு என்ன?"

கொட்டகையே ஒரே குரலில், "கொப்பையன்!"

அவர் வந்து சேர்ந்தே ஒரு மாசம்தான் ஆகியிருக்கும். அச்சுக்கு நாங்கள் வைக்கிற பேர் வேறு, பொம்மைக்குக் கடையில் இருக்கிற பேர் வேறு என்பது அந்த மனுஷனுக்குத் தெரியாது. அப்படியே போனில் சொல்லிவிட்டார். கத்தினவர்களில் நானும் ஒருத்தன் தம்பி. அதுதான் கொடுமை. பழக்கத்தில் கத்திவிட்டேன்.

அட்டை வந்தது. கொப்பையனுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு நாலாம் வகுப்பு வரைக்கும் உண்டு. என்னிடம்தான் கொண்டுவந்தான்.

"என்ன போட்டிருக்கு, படி மாப்ள."

"கொப்பையன்."

"நெசமாவா?"

"கொப்பையன்னுதான் போட்டிருக்கு. வேணும்னா வேற ஆளுகிட்டக் கேளு."

சிரித்தான் பாருங்கள், சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "எங்க தாத்தா கேட்டிருந்தா துண்டத் தூக்கிப் போட்டு ஆடியிருப்பாரு" என்றான். அப்புறம் என்னைப் பார்த்து, "பேருதான் மாப்ள என்னுது, அந்த மொண்டிக் கை ஒன்னுது" என்றான். எல்லார் முன்னாலும். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

அன்றோடு பேச்சை நிறுத்தினேன். பக்கத்துப் பக்கத்து மெஷின். கம்பெனியை மூடுகிற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசிக்கொண்டேதான் இருந்தான். மழை, சினிமா, அவன் தங்கச்சி கல்யாணம் எல்லாம் சொல்வான். பதில் வராது என்று தெரியும், அப்படியும் சொல்வான். என்ன ஆள் என்று பாருங்கள், ஒருத்தனை நிம்மதியாகக் கோபப்படக்கூட விடாதவன்.

என்ன, செக்கானூரணி வந்துவிட்டதா? இன்னும் நேரம் இருக்கிறது.

அப்புறம் இத்தனை வருஷம் கழித்துப் போன மாசிக்கு என் மருமகன் செல்லப்பாண்டி ஒருநாள் போனை நீட்டினான். "மாமா, நீங்க பொம்மைக் கம்பெனியிலதான இருந்தீங்க? இதப் பாருங்க" என்றான். வான்வாசல் ரசிகர்கள் என்று ஒரு கூட்டம் தம்பி. பிள்ளைகள் என்று நினைத்தேன். எல்லாம் நரைத்தவர்கள். பேங்கில் இருக்கிறவர், மருந்துக்கடை வைத்திருக்கிறவர், கனடாவில் ஒருத்தர். அவர்களுக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. அந்த நாடகத்தில் யார் யார், எந்த வாரம் என்ன நடந்தது என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் இவன் பேரை வைத்துத்தான் சண்டை. நாடகத்தில் சொல்லாத பேர் எப்படிப் பேர் ஆகும், 'நாலுகைக் காவலன்' என்றுதான் போடணும் என்று ஒரு கட்சி. அட்டையில் இருக்கிறதே, கொப்பையன்தான் என்று இன்னொரு கட்சி. சரி, கொப்பையன் என்றால் அது எங்கிருந்து வந்தது? ஒரு புரொபசர் பழைய செப்பேட்டில் இருக்கிறது என்கிறார். கனடாக்காரர் ஜப்பானில் இதே மாதிரி ஒரு பொம்மை உண்டு, அதன் பேர் திரிந்து இப்படி ஆயிற்று என்கிறார். நாடகத்துக்கு உதவி டைரக்டராக இருந்த ஒருத்தர், அது தன் கனவில் வந்த பேர் என்று பத்திரிகையில் பேட்டியே கொடுத்துவிட்டார். கனவில்!

நான் செல்லப்பாண்டி போனில் பேசி அனுப்பினேன். என் குரலில். கொப்பையன் என்பது ஆள் பேர், அது அந்தப் பொம்மைக்கு வந்ததே தப்பு, முதல் பொம்மையைக் கெடுத்தவன் நான், முறைப்படி அதன் பேர் சங்கிலி, மாற்றி எழுதுங்கள் என்று தெளிவாகச் சொன்னேன்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அருள்செழியன் என்று திண்டுக்கல்காரர். மரியாதையான ஆள்தான். போன் பண்ணினார்.

"ஐயா, நீங்க சொல்றது சுவாரசியமா இருக்கு. சான்று ஏதாச்சும் இருக்கா?"

"நான்தான் சான்று."

"இல்லீங்கய்யா. நீங்க சொல்றது உங்க அனுபவம். அத வேற யாராச்சும் சொல்லணும். இல்லன்னா எதுலயாச்சும் அச்சுல வந்திருக்கணும்."

"அச்சுல வந்ததுதான்யா அந்தப் பேரே! நான் அச்சுலதான்யா வேலை பாத்தேன்."

"அந்த அச்சு இல்லீங்கய்யா."

கனவு கண்டவன் சொன்னால் அது பத்திரிகையில் வந்துவிட்டது, சான்று. கண் முழித்துக்கொண்டு கெடுத்தவன் சொன்னால் சான்று இல்லை. நான் சொன்னதைக் கடைசியில் ஒரு வரியாகப் போட்டார்கள், பக்கத்திலேயே 'சான்று தேவை' என்று சின்ன எழுத்தில் ஒட்டவும் ஒட்டினார்கள். கூட்டத்தில் ஒருத்தன், 'மாசத்துக்கு ஒரு தாத்தா கிளம்பிடறாங்கப்பா' என்று எழுதினான். இன்னொருத்தன் 'சங்கிலின்னு பேரு வச்சா கதவுல பூட்டுத்தான் போடலாம்' என்று எழுதினான். செல்லப்பாண்டி அதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டவில்லை. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

என் மூத்தவள் பொன்னழகு, செல்லப்பாண்டி பெண்டாட்டி, அவள்கூடக் கேட்டாள். "ஏம்ப்பா, கெட்டுப்போன பொம்மைக்கு வச்ச பேருதான? அதுக்கா இப்படிச் சோறு இறங்காம உக்காந்திருக்கீங்க?" அவளுக்கு என்ன சொல்ல? வாத்து அச்சும் துப்பாக்கி அச்சும் கம்பெனி மூடின அன்றைக்கே காயலான் கடைக்குப் போய்விட்டன. ரேஷன் கார்டைத் தவிர என் பேர் எதிலும் இல்லை. இந்த ஒன்று இருந்திருக்கும். கனடா வரைக்கும் தெரிந்திருக்கும். அதை அவன் கொண்டுபோய்விட்டான்.

சாட்சி சொல்ல ஒருத்தன்தான் உண்டு. தவசி இப்போது உயிரோடு இல்லை, கணக்குப்பிள்ளை இல்லை, முதலாளி இல்லை. ரோஷத்தை விட்டுவிட்டு உசிலம்பட்டிக்குக் கிளம்பினேன், வீடியோ எடுக்க மருமகனையும் கூட்டிக்கொண்டு.

மார்க்கெட்டுக்குப் பின்னால் அவன் மகன் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு இவன். பாதத்தில் கட்டு. சர்க்கரைப் புண். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது அவனுக்கு.

"வா மாப்ள. பேச்சு வந்திருச்சா?"

"உன்கிட்டப் பேச வரல. வீடியோ எடுக்க வந்தேன்."

"எடு, எடு. சட்டைய மாத்தணுமா, இதே போதுமா?"

இப்படித்தான் தம்பி. நான் வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்துக்கொண்டு போனேன். மறுப்பான், சண்டை போடுவான், நாலு பேர் கூடுவார்கள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாம் என்று. ஒன்றுக்கும் இடம் கொடுக்கவில்லை. டீ வாங்கிவரச் சொன்னான். என் டீயில் சர்க்கரை கூடப் போடச் சொன்னான், ஞாபகம் வைத்திருக்கிறான். போனைப் பார்த்துச் சொன்னான்: "மொதப் பொம்மையக் கெடுத்தது இந்தச் சங்கிலிதான். நான் இல்ல. எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒரு எழுத்து பிசகாமல்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்தச் செல்லப்பாண்டி வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "அப்பறம் ஏன் மாமா நீங்க கெடுத்ததாச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டான்.

"அட, இவனுக்கு ஏற்கெனவே ரெண்டு பேரு ஆகிப்போச்சு. மூணாவதுன்னா வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பாரு. அந்தப் புள்ள வேற மாசமா இருந்துச்சு. எனக்கு யாரு இருந்தா அப்ப? ஒத்தக்கட்டை. போன்னா ஊரப் பாத்து வந்திருப்பேன்" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். "ஆனா அவரு என்னயப் போகச் சொல்லல. என் நேரம், பேருகூட வந்திருச்சு."

இதைச் செல்லப்பாண்டி வெட்டவில்லை. முழுசாக அனுப்பிவிட்டான்.

அவ்வளவுதான் தம்பி. எல்லாம் போயிற்று. கூட்டமே அழுகிறது. கனடாக்காரர் நடுராத்திரியில் உட்கார்ந்து பார்த்தேன், தூக்கமில்லை என்று எழுதுகிறார். புரொபசர் செப்பேட்டை வாபஸ் வாங்கிவிட்டார். 'நாலுகைக் காவலன்' கட்சியே கலைந்துவிட்டது. கனவு கண்டவர் மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அருள்செழியன் அந்த 'சான்று தேவை'யை எடுத்துவிட்டு வீடியோவைப் போட்டு எழுதியிருக்கிறார். எனக்கு மனப்பாடம், சொல்லட்டுமா? 'சக தொழிலாளி ஒருவரின் வேலையைக் காப்பாற்றுவதற்காக, அவர் செய்த பிழையைத் தன்மேல் ஏற்றுக்கொண்ட கொப்பையன் என்பவரின் பெயரே இந்தப் பாத்திரத்துக்கு அமைந்தது.' சக தொழிலாளி ஒருவர். அது நான்தான். சான்று கொடுத்தவன் நான், வீடியோ எடுக்கப் பஸ் ஏறினவன் நான், கெடுத்தவனும் நான். சக தொழிலாளி ஒருவர்!

அருள்செழியனுக்குப் போன் பண்ணினேன். பேரையாவது போடுங்கள் என்றேன். "வேணாங்கய்யா, தப்புப் பண்ணினவர்னு உங்க பேரு வர்றது உங்களுக்கு மரியாதையா இருக்காது" என்றார். மரியாதையாம். அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார். எல்லாருமே நல்லதுக்குத்தான் செய்கிறார்கள், ஒருத்தனைப் பிடித்துச் சண்டை போட வழியில்லை.

பொன்னழகு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "அப்பா, அவரு சொல்றாரே, மாசமா இருந்துச்சுன்னு, அந்த வயித்துல இருந்தது நான்தான?" என்று கேட்டாள். ஆமா, அதுக்கென்ன இப்ப என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அம்மா பார்த்த அதே பார்வை.

இன்றைக்குக் காலையில்தான் மதுரையில் அந்த ரசிகர்கள் கூட்டம். கொப்பையனைக் கூப்பிட்டிருந்தார்கள். கால் புண்ணோடு வர முடியாது என்று சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு, "சங்கிலிய அனுப்புறேன்" என்றிருக்கிறான். என்னைக் கேட்டானா? இல்லை. நான் ஏன் போனேன் என்றால், மைக் கொடுப்பார்கள் அல்லவா, அதில் நியாயத்தைக் கேட்டுவிடலாம் என்று போனேன். நாலு நாளாகப் பேசிப் பேசிப் பார்த்து வைத்திருந்தேன்.

மேடையில், "கொப்பையன் ஐயா சார்பாக அவருடைய நெருங்கிய நண்பர்" என்று கூப்பிட்டார்கள். நண்பர்! ஏறினேன். ஏறி நின்று பார்த்தால், தம்பி, எதிரே இருக்கிறவர்கள் எல்லார் கையிலும் அந்தப் பொம்மை. நாங்கள் வார்த்தது. முப்பது வருஷம் ஆயும் வைத்திருக்கிறார்கள். சாயம் போனது, தலை ஒட்டினது, ஒரு அம்மாளுடைய பொம்மைக்கு ஒரு கைக்குப் பதில் தீக்குச்சி. எல்லாரும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கொப்பையன்! கொப்பையன்!" என்று கத்துகிறார்கள். என் முகத்தைப் பார்த்து.

மைக்கைப் பிடித்தேன். "மொதப் பொம்மையக் கெடுத்தது நான்தான்" என்றேன். அடுத்த வரி 'அதனால முறைப்படி' என்று தொடங்கும். தொடங்க விடவில்லை. கைதட்டு. மண்டபம் அதிர்கிறது. பின்னாலிருந்து ஒருத்தர் எழுந்து, "நீங்க கெடுத்ததாலதான்யா எங்களுக்குக் கொப்பையன் கெடச்சாரு, ரொம்ப நன்றிங்கய்யா!" என்று கத்துகிறார். கேலி இல்லை தம்பி. கண்ணில் தண்ணீரோடு சொல்கிறார். கெடுத்ததற்கு நன்றி என்றால் அதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன பேசுவது?

தீக்குச்சி அம்மாள் மேடைக்குப் பக்கத்தில் வந்து, "அவரு நல்லா இருக்காரா?" என்று கேட்டார்கள். "நல்லா இருக்கான். கால்தான்..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. ஏ.சி. காற்று எனக்கு ஒத்துக்கொள்ளாது. கொப்பையனுக்கென்று இந்தக் கண்ணாடி விருதைக் கையில் கொடுத்து இறக்கிவிட்டுவிட்டார்கள்.

இப்போது எனக்கு இருக்கிற பயம் ஒன்றுதான். வெளியே யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். இதைக் கொண்டுபோய் 'இந்தா, உன்னுது' என்று கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடணும். ஆனால் அவன் விட மாட்டான். வாங்கிப் பார்ப்பான். படிக்கத் தெரியாது, என்னைத்தான் படிக்கச் சொல்வான். நான் படிக்கணும். படித்து முடித்ததும் சிரிப்பான். சிரித்துவிட்டு, 'எனக்கு எதுக்கு மாப்ள, நீயே கொண்டுபோய் வச்சுக்க' என்பான். சொல்வான் தம்பி. எனக்கு அவனைத் தெரியும். நிச்சயம் சொல்வான். அப்போது நான் என்ன செய்வது? வேண்டாம் என்றால் செல்லப்பாண்டியிடம் கொடுத்துவிடுவான். பொன்னழகு வீட்டில் நடுச் சுவரில் மாட்டுவாள். நான் தினமும் அங்கேதான் சாப்பிடுகிறேன்.

நீங்களும் உசிலம்பட்டிதானா? தேனியா. இல்லை, உசிலம்பட்டி என்றால் இதை உங்களிடமே கொடுத்துவிட்டு, மார்க்கெட்டுக்குப் பின்னால் ரீசார்ஜ் கடை என்று சொல்லியிருப்பேன். யார் கொடுத்தது என்று கேட்டால், சக தொழிலாளி ஒருவர் என்று சொன்னால் போதும். பரவாயில்லை. தேனி என்றால் தேனிதான்.

கண்டக்டர் கத்துகிறார். இறங்கணும்.

தம்பி, நீங்கள் வீட்டுக்குப் போய் இதைச் சொல்வீர்கள். பஸ்ஸில் ஒரு ஆள் வந்தான், வழியெல்லாம் கொப்பையன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தான் என்றுதான் சொல்வீர்கள். வேறு எப்படிச் சொல்ல முடியும்? எனக்கே இதை வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

கொஞ்சம் பிடித்துக்கொடுங்கள். அந்தப் பக்கம் இல்லை, கீழே. மெதுவாக. அவன் பேர் கீறிவிடாமல்.